சூளைக்குப் போகாத முகம்

1. நெற்றிக்கு மேல் கம்பி

களிமண் வெட்டும் கம்பி மிக மெல்லியது. இரண்டு நுனியிலும் மரப்பிடி இருக்கும். அந்தச் சனிக்கிழமை காலை நான் பட்டறைக்குள் நுழைந்தபோது, நஸீர் நானா அந்தக் கம்பியை ஒரு களிமண் தலையின் நெற்றிக்கு மேல் வைத்து இழுக்கத் தயாராக நின்றார். எனக்குப் பின்னால் வந்த புவனா கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ர மனுசனை வெட்டப் போறீங்களோ?"

நானா கம்பியைச் சட்டென்று விட்டுவிட்டார்.

"தங்கச்சி, எனக்குத் தெரியாது. பணிப்பாளர் சேர் சொன்னாரு, நான் எடுத்தன்."

கிண்ணியாவில் இருந்து வரும் நானாதான் எங்கள் நூதனசாலையில் படம் மாட்டுவதும் விளக்குப் பூட்டுவதும் சூளை பார்ப்பதும். தொழில் முறைப்படி அவர் செய்ததில் பிழை இல்லை. உள்ளே மண் நிறைந்த தலையை அப்படியே சூளையில் வைத்தால், நடுவில் நிற்கும் ஈரம் ஆவியாகி, தலை வெடித்துச் சிதறிவிடும். பக்கத்தில் இருப்பவற்றையும் உடைக்கும். அதனால் உச்சியை வெட்டி எடுத்து, உள்ளே குடைந்து, திரும்ப ஒட்டிக் காயவிட்டுத்தான் சுடுவோம். சிற்பிகள் செய்த எத்தனையோ தலைகளை இப்படி வெட்டியிருக்கிறோம். ஒருவரும் எங்களிடம் இப்படிக் கேட்டதில்லை.

2. குடும்ப மேசை

கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் கலை நூதனசாலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கிக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, அங்கே குடும்பச் செயற்பாடுகளை என்னிடம் பொறுப்புக் கொடுத்தார்கள். லிங்கநகரில் இருந்து சைக்கிளில் போய்வருவேன். ஓகஸ்ட் விடுமுறைக் கண்காட்சிதான் எங்களுக்குப் பெரிய வேலை. தாய் தகப்பன் பிள்ளைகள் என்று சனம் குடும்பமாக வரும். படங்களைப் பார்த்து முடித்தவர்கள் கடைசியில் வந்து இருப்பது என்னுடைய மேசையில். பென்சிலும் தாளும் ஒரு பக்கம், களிமண் மறுபக்கம்.

மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. செய்ததைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகலாம். மண் பின்னேரம் வாளிக்குத் திரும்பிவிடும். பிசைந்து, தண்ணீர் விட்டு, அடுத்த நாள் வருகிறவர்களுக்குக் கொடுப்போம். யானை செய்த சின்னதுகள் அழும். நான் இரங்கமாட்டேன். என் வாய்க்குப் பயந்து தாய்மாரும் பேசாமல் போவார்கள்.

அந்த வருடம் மேசைக்குத் தலைப்பு வைத்தவர் பணிப்பாளர். கொழும்பில் படித்த இளம் ஆள். நல்ல மனம், ஆனால் கால் நிலத்தில் நில்லாத அவசரம். 'எங்கள் வீட்டில் ஒரு முகம்' என்று பெரிதாக எழுதி மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்.

முதல் சனிக்கிழமை புவனாவும் மகள் தர்சினியும் சம்பூரில் இருந்து பஸ்ஸில் வந்தார்கள். தர்சினிக்குச் சித்திரம் என்றால் உயிர். அவளுக்காகத்தான் தாய் வந்தது. மகள் தாளை எடுத்தாள். புவனா அந்தத் தலைப்பைக் கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ரீச்சர், வீட்டில இப்ப இல்லாத ஆளையும் செய்யலாமோ?"

"ஓம், தாராளமாச் செய்யுங்கோ."

புவனா களிமண்ணை இரண்டு கையாலும் அள்ளினார். மூதூர்ப் பக்கத்தில் இருந்து வரும் மண் அது. மணந்து பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தொடங்கினார். படித்த கை அல்ல, காதுகள் ஒழுங்காக வரவில்லை. ஆனால் நெற்றியும் மூக்கும் விரலுக்குத் தெரிந்திருந்தன. இடது புருவத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டார்.

"எஞ்சின் இழுக்கிற கயிறு அறுந்து அடிச்ச காயம். கலியாணம் முடிச்ச புதுசில" என்றார்.

தர்சினி பென்சிலை வைத்துவிட்டாள்.

"அம்மா, அப்பா இப்பிடியோ இருப்பார்?"

சண்டை நேரம் சம்பூரை விட்டு ஓடியபோது தர்சினி தாயின் வயிற்றில். ஓடின வழியில் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. கொஞ்ச நாளில், அகதி முகாமில் இருந்து சாமான் வாங்கப் போன தகப்பனும் திரும்பி வரவில்லை. தேடாத இடம் இல்லை. வளர்ந்த பெண்ணாகிய பிறகு, தகப்பனின் முகத்தை அவள் முதன்முதல் பார்த்தது என்னுடைய மேசையில்தான். அவள் அந்த மண் மூக்கைத் தொட்டாள். பிறகு தன் மூக்கைத் தொட்டாள். இரண்டும் ஒன்று.

அன்று பின்னேரம் அந்தத் தலையை நான் வாளிக்குள் போடவில்லை. கச்சான் காற்று அனலாக அடிக்கும் காலம். ஈரத்துணி சுற்றி, பொலித்தீன் மூடி, அலுமாரிக்குள் வைத்தேன். போகும்போது தர்சினி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ரீச்சர், இது உடையாம நிக்க என்ன செய்யோணும்?"

"சூளையில சுடோணும், பிள்ளை. அம்மாவோட கதைச்சுப்போட்டு அடுத்த சனி சொல்லுங்கோ."

3. நெருப்பு

அடுத்த சனிக்கு முன்னமே பணிப்பாளர் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டார். பார்த்தவர் அசந்துபோனார். இதைச் சுட்டு நடுச்சுவருக்கு முன்னால் வைப்போம் என்று நானாவுக்குச் சொல்லிவிட்டார். என்னிடமும் கேட்கவில்லை, செய்தவரிடமும் கேட்கவில்லை. அப்படித்தான் நெற்றிக்கு மேல் கம்பி வந்தது.

புவனாவைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். ஏன் வெட்டுகிறோம் என்று விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"வெட்டிப்போட்டு நெருப்பிலயோ வைக்கிறது?"

"ஓம், சூளையில."

"அப்ப ஏலாது ரீச்சர். செத்த ஆளைத்தான் நெருப்பில வைக்கிறது. இவர் செத்தவர் எண்டு இண்டுவரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நான் என்ர கையால கொள்ளி வைக்கமாட்டன்."

புவனாவின் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது. அத்தனை வருடமும் அதை அழிக்காத மனுசி.

பணிப்பாளர் சமாதானம் சொல்லப் பார்த்தார். "அம்மா, இது களிமண்தானே..."

"சேர், நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறு பேச்சில்லாமல் போனார்.

தர்சினி அழுதாள். "சுடாட்டி இது காய்ஞ்சு வெடிச்சுப்போகும் அம்மா. உங்களுக்கு அப்பாவைத் தெரியும். எனக்கு என்ன இருக்கு?"

தாய் சொன்னதும் நியாயம், மகள் கேட்டதும் நியாயம். பிளாஸ்ரரில் அச்சு எடுக்கலாம் என்று நானா மெதுவாகச் சொன்னார். ஆனால் அச்சைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் ஈர முகம் சிதைந்துவிடும். அதையும் புவனாவுக்கு மறைக்காமல் சொன்னேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

4. இரண்டாவது தலை

பழைய பேப்பரைக் கசக்கி ஒரு பந்தாக்கித் தர்சினிக்கு முன்னால் வைத்தேன். அதற்கு மேல் மண்ணை அப்பிச் செய்தால், பேப்பர் சூளையில் எரிந்து உள்ளே பொந்தாக வரும். கம்பிக்கு வேலை இல்லை.

"பிள்ளை, நீ செய். அம்மா சொல்லித் தருவா."

"எனக்கு அவரைத் தெரியாதே ரீச்சர்."

புவனா எழும்பி வந்தார். மகளின் இடது கையைப் பிடித்துத் தான் செய்த முகத்தின் மேல் வைத்தார்.

"கண்ணை மூடு. தடவிப் பார். பாத்துப்போட்டு மற்றக் கையால செய்."

அன்று முடியவில்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் இருவரும் வந்தார்கள். வந்ததும் புவனா முதலில் தான் செய்த தலையின் துணியை நனைப்பார். பிறகு மகளுக்குப் பக்கத்தில் இருந்து, தாடை இன்னும் ஒடுக்கம், சிரிச்சா இந்தப் பக்கம் குழி விழும் என்று சொல்லிக்கொண்டு இருப்பார். அந்த மனிதர் கோபக்காரரா, என்ன பாட்டு விருப்பம், கணவாய்க்கறிக்கு ஏன் சண்டை பிடித்தார் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் தர்சினிக்குத் தெரியவந்தது. மற்றக் குடும்பங்களின் சத்தத்துக்கு நடுவில் நான் காது கொடுத்துக்கொண்டே திரிந்தேன்.

தலை முடிந்த அன்று புவனாவிடம் கேட்டேன்.

"இதைச் சுடலாமோ?"

புவனா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது என்ர பிள்ளை செய்த பொம்மை. இதைச் சுடுங்கோ."

பணிப்பாளர் இந்த முறை தானே வந்து, "அம்மா, இதை நடுவில வைக்க விடுவீங்களோ?" என்று புவனாவிடம் கேட்டார். கேட்கப் பழகிவிட்டார். புவனாவும் ஓம் என்றார்.

நன்றாகக் காயவிட்டுச் சுட்டோம். சூளை ஆறி, நானா கதவைத் திறந்தபோது நாங்கள் எல்லோரும் நின்றோம். வெடிப்பு ஒன்றும் இல்லை. செங்கல் நிறத்தில் அந்த முகம் வெளியே வந்தது. தர்சினி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். புவனா தான் செய்த தலையை ஒரு வாளிக்குள் இறக்கி, ஈரத்துணியால் மூடி, வீட்டுக்குக் கொண்டுபோக ஆயத்தமாக வைத்திருந்தார்.

"வீட்டில எப்பிடி வைச்சிருப்பீங்கள்? காய்ஞ்சு போகுமே" என்றேன்.

"விடியவும் பொழுதுபடவும் தண்ணி தெளிப்பன். அதில என்ன கஸ்ரம்."

எனக்குப் பிறகு அந்த மேசையைப் பொறுப்பெடுக்க வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். கம்பியை எடுக்குமுன், சூளைக் கதவைத் திறக்குமுன், செய்தவரிடம் போய் இது யார் என்று கேளுங்கள். எங்கள் ஊரில் களிமண்ணை வெறும் களிமண் என்று எண்ணித் தொடக்கூடாது.

போவதற்கு முன் புவனா, சுட்ட முகத்தின் இடது புருவத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"காயம் கொஞ்சம் மேல வந்திட்டுது பிள்ளை."

"பரவாயில்லை அம்மா, அடுத்த முறை சரியாச் செய்வன்."

"ஓம். அவர் வரட்டும். பக்கத்தில இருத்திப் பாத்துச் செய்வம்" என்று சொல்லிவிட்டு, புவனா வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.