முகமூடிக்காரியும் எங்கள் மேட்ரனும்

எங்கள் மேட்ரன் டிவி பார்க்கவே மாட்டார். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆண்கள் பொது வார்டுக்கு வந்து, டிவிக்கு நேர் எதிரே இருக்கும் நாலாம் கட்டிலின் ட்ரிப் பாட்டிலைத்தான் பார்ப்பார். அரைமணி நேரம் பார்ப்பார். நாலாம் கட்டிலில் ட்ரிப் ஏறாத நாட்களிலும் பார்ப்பார். ஒருநாள் அந்தக் கட்டிலில் ஆளே இல்லை. வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம், "மேடம், ஒரு ஸ்டூல் போடட்டா?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "நான் என்ன இஞ்ச படம் பாக்கவா வந்தேன்? பெட்பேன் எல்லாம் கழுவியாச்சா?" என்று ஒரு கத்துக் கத்தினார். அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. மிச்சத் திட்டு எனக்கு அடுத்த விளம்பரத்தில்தான் கிடைத்தது.

மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த முப்பது கட்டில் ஆஸ்பத்திரி அது. மேட்ரன் கடற்கரை ஊர்க்காரர். ஐம்பத்திரண்டு வயது, ஏறக்குறைய ஆறடி உயரம், தடித்த கண்ணாடி, கல்யாணம் கட்டவில்லை. அவர் மெதுவாகப் பேசினால் மாடியில் கேட்கும். சத்தமாகப் பேசினால் எதிர் டீக்கடைக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். நடை அதற்கு மேல். தரை ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல ஒவ்வொரு அடியும் விழும். வராந்தாவின் அந்தக் கோடியில் அந்தச் சத்தம் கேட்டால் இந்தக் கோடியில் இருக்கும் நர்சுகள் நாங்கள் தொப்பியைச் சரிசெய்துகொள்வோம். நோயாளிகள் போர்வையை இழுத்து நேராக்குவார்கள். நோயாளிகளுக்கு அவர் 'பெரிய சிஸ்டர்'. எங்களுக்குள் நாங்கள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

கொரியா நாட்டு ராஜா காலத்துச் சீரியல்களுக்குத் தமிழில் குரல் கொடுத்து ஒரு சேனல் போட ஆரம்பித்திருந்த காலம். எங்கள் ஐந்து மணிக் கதையின் நாயகி பகலில் பச்சிலை மருந்துக் கடையில் வேலை செய்யும் பயந்தாங்கொள்ளிப் பெண். யாராவது தும்மினாலே நடுங்குவாள். இருட்டினால் கறுப்பு உடுப்பு, மூக்குக்குக் கீழே கறுப்புத் துணி, ஓட்டுக் கூரைமேல் ஒரே ஓட்டம். ஊராரின் நிலப் பத்திரங்களைப் பிடுங்கி வைத்திருக்கும் அதிகாரியின் வீட்டில் புகுந்து, அவற்றை எடுத்து, உரியவர்கள் வீட்டு முற்றத்தில் வீசிவிட்டுப் போவாள். கொரியப் பெயர் எதுவும் எங்கள் வார்டின் வாயில் நிற்கவில்லை. அதனால் அவள் 'மருந்துக்கடைக்காரி' ஆனாள். அதிகாரி 'குடுமி தாசில்தார்' ஆனான். ஊசி போடும் நேரத்தைக்கூட ஐந்தரைக்குத் தள்ளிவைக்கச் சொல்லி நோயாளிகள் கெஞ்சுவார்கள்.

இதில் மேட்ரனுக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. ட்ரிப் பாட்டிலைப் பார்த்தபடியே சொல்வார்: "பாதி மூஞ்சில ஒரு துணியைக் கெட்டுனா பெத்த தகப்பனுக்குக்கூட ஆளு தெரியாதாமா? நம்ம ஊருல தலையில சாக்கைப் போட்டுட்டுப் போனாலும், இன்னாருக்க மூத்த மகளாக்கும் போறான்னு சொல்லிருவானுவ. எளவு, அந்த ஊருல ஒருத்தனுக்கும் கண்ணு கிடையாதா?"

எல்லாரும் ஆமாம் போடுவார்கள். முதலில் ஆமாம் போடுவது சிதறால் ஊர் அண்ணாச்சி. ரப்பர் வெட்டப் போன இடத்தில் பாறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். காலைக் கட்டி, எடைக்கல்லைத் தொங்கவிட்டு, ஆறு வாரமாகப் படுத்திருந்தார். வார்டில் மூத்தவர் என்ற முறையில் ரிமோட் அவர் கையில். "அப்பிடித்தான் பெரிய சிஸ்டர், நடையப் பாத்தாலே தெரியாதா?" என்பார்.

சீரியலை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறேனே, அந்த நாட்களில் எனக்கு அதில் மனமே இல்லை. என் கவலை வேறு. அந்த ஆஸ்பத்திரியில் சேரும்போது, இரண்டு வருஷம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்து, நர்சிங் சர்ட்டிபிகேட்டின் ஒரிஜினலை ஒப்படைக்க வேண்டும். இரண்டு வருஷம் முடிந்தால் திருப்பித் தருவார்கள் என்பது பேச்சு. எனக்கு ஐந்து வருஷம் ஓடியிருந்தது. மேனேஜர், ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரின் மச்சினன், சிரித்த முகத்துக்காரர். கேட்கும்போதெல்லாம், "எங்க போவுது சிஸ்டர்? பீரோவுக்குள்ள பத்திரமா இருக்குல்லா? அடுத்த மாசம் பாப்போம்" என்பார். சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தால் நர்சுகள் பறந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. மொத்தம் பதினோரு பேர் இப்படி அந்த பீரோவுக்குள் இருந்தோம்.

மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுக்க, வியாழக்கிழமை கொச்சியில் நேர்காணல். ஒரிஜினல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். ஏற்கெனவே இரண்டு நேர்காணல் இப்படியே கைவிட்டுப் போயிருந்தது. முப்பது வயது முடிந்தவர்களை எடுக்கமாட்டார்கள். எனக்கு முப்பது முடிய நாலு மாதம். இதைவிட்டால் இனி இல்லை. திங்கட்கிழமை காலை மேனேஜரிடம் கேட்டேன். வழக்கமான சிரிப்பு. மேட்ரனிடம் ஓடினேன். "மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா தந்துருவாவ."

அவர் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மேனேஜருக்க காரியத்துல நான் தலையிட மாட்டேன். ஏழாம் கட்டிலுக்கு டெம்பரேச்சர் பாத்தியா?"

குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சவம், இதெல்லாம் ஒரு மனுஷியா என்று வாய்விட்டே சொன்னேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

அன்று மாலை சீரியலில், மருந்துக்கடைக்காரி தாசில்தாரின் பெட்டியை உடைத்துப் பத்திரங்களை அள்ளினாள். சீரியல் பைத்தியத்தில் மேனேஜரும் எங்களுக்குச் சளைத்தவரில்லை. ஐந்தடித்தால் அறையைவிட்டு ஓடி வந்துவிடுவார். அன்று உணர்ச்சிவசப்பட்டு, தொடையில் தட்டி, "நல்லா வேணும் அவனுக்கு! ஊரான் பத்திரத்தை வச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடுனான்!" என்றார். வார்டில் நின்ற நாங்கள் மூன்று நர்சுகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். மேட்ரன், டிவியையும் விட்டு, ட்ரிப் பாட்டிலையும் விட்டு, மேனேஜரையே பார்த்துக்கொண்டு நின்றார். விளம்பரம் வந்து போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் செவ்வாய். தாசில்தார் மருந்துக்கடைக்காரியின் முகமூடியைப் பிடித்து இழுக்கப்போகிறான் என்று முந்தின நாளே காட்டிவிட்டிருந்தார்கள். மேனேஜர் சாவிக்கொத்தை மேசைமேலேயே போட்டுவிட்டு நாலு அம்பத்தைந்துக்கே வந்து ஸ்டூலைப் பிடித்துவிட்டார். நாலாம் கட்டிலருகே ஆள் இல்லை. சீரியல் தொடங்கிய ஏழு மாதத்தில் முதல் தடவை. மேட்ரனுக்கு என்ன ஆச்சோ என்று நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

வராந்தாவில் ஓர் உருவம் போய்க்கொண்டிருந்தது. ஆபரேஷன் தியேட்டர் பச்சை கவுன், பச்சைத் தொப்பி, பச்சை முகமூடி, காலில் துணி உறை. கவுன் ஐந்தடி ஆளுக்குத் தைத்தது, முழங்காலோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே மேட்ரனின் வெள்ளைச் சேலை, மேட்ரனின் கெண்டைக்கால், துணி உறையையும் மீறி மேட்ரனின் அந்தத் தொம் தொம் நடை. சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போகிறாராம்! ஆறடி உருவம் எப்படிப் பதுங்கினால் என்ன? வாசலுக்கு நேராகப் படுத்திருந்த எட்டுப் பேரும் பார்த்தார்கள். எல்லாரும் சட்டென்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் மேனேஜர் ஒருவர்தான்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அறையிலிருந்து பீரோக் கதவின் கிறீச்சொலி வந்தது. எண்ணெய் காணாத கதவு. "என்ன சத்தம் அது?" என்று மேனேஜர் திரும்பினார்.

"அய்யோ எனக்க காலு!" என்று அண்ணாச்சி அலறினார். அலறிக்கொண்டே ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினார். நான் ஓடிப்போய்த் தொங்கும் எடைக்கல்லைப் பிடித்துக்கொண்டேன். "இந்த நேரத்துலயா கத்துதீரு ஓய், அவ முகமூடிய இழுக்கான், பேசாம கிடயும்" என்று மேனேஜர் சீரியலுக்கே திரும்பிவிட்டார். அந்தத் தாசில்தார் நல்லா இருக்கட்டும், முகமூடியை இழுக்க அவன் அன்று பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டான்.

டியூட்டி முடிந்து குவார்ட்டர்ஸுக்குப் போனால், பதினோரு பேர் தலையணைக்கடியிலும் ஒவ்வொரு காக்கிக் கவர். பிரித்துப் பார்த்தால் ஒருத்தி கவர் இன்னொருத்தியிடம்! ஒரு கவர்கூட ஆள் சரியில்லை. எங்களுக்குக் காரணம் விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் ஆள் தெரிந்துவிடும் என்று மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. ஆறடி உயரத்தை மறைக்க வழியில்லை, கண்ணாடியை மட்டும் மறைத்திருக்கிறார்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எல்லாருக்கும். ஆளாளுக்குக் கவரை மாற்றிக்கொண்டார்கள். என் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. என்னுடையது யாரிடமும் இல்லை. என் தலையணைக்கடியில் இருந்த கவரை யாரும் கேட்கவுமில்லை.

பிரித்தேன். மஞ்சளடித்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்த சர்ட்டிபிகேட். மூலையில் ஒட்டியிருந்த படத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் காமராவை முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முறைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த முறைப்பு.

புதன்கிழமை காலை மேனேஜர் வெறும் பீரோவைப் பார்த்துவிட்டுக் குதித்தார். போலீசுக்குப் போக முடியாது; எதற்காக அடுத்தவர் ஒரிஜினலை வைத்திருந்தாய் என்று முதல் கேள்வி அங்கே அவரைத்தான் கேட்பார்கள். வார்டில் வந்து கேட்டார். சாக்கைப் போட்டாலும் ஆளைச் சொல்லிவிடும் அதே ஆட்கள் ஒரே குரலில் பேசினார்கள். "ஆணா பெண்ணான்னே தெரியல்ல சார்." "மொகத்தை மூடிட்டுல்லா போச்சு." அண்ணாச்சி ஒரு படி மேலே போனார்: "குட்டையான ஆளு சார். நாலரை அடிதான் இருக்கும்."

கடைசியில் மேனேஜர் விசாரணை அதிகாரியாக நியமித்தது மேட்ரனை. மேட்ரன் நர்சுகளை ஒவ்வொருவராகத் தன் அறைக்குள் கூப்பிட்டார். வெளியே மேனேஜர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது.

"உண்மையைச் சொல்லுட்டி! எவளாக்கும் எடுத்தது?" கட்டடமே அதிர்ந்தது. உடனே குனிந்து, அவர் வாழ்நாளில் பேசியதிலேயே மெல்லிய குரலில், "மக்கா, எனக்கதைக் கொண்டாந்தியா? உனக்கது இஞ்ச இருக்கு, எனக்கதுன்னு நெனச்சு எடுத்து வச்சேன்" என்றார்.

மேசைக்கடியில் கவர்கள் கைமாறின. நான் மெதுவாகக் கேட்டேன். "மேடம், உங்களதும் உள்ளயா இருந்தது?"

"பதிலு சொல்லாம நிக்கியா, மூதி!" என்று வெளிக்கு ஒரு கத்து. பிறகு எனக்கு மட்டும்: "இருபத்தாறு வருசம். எனக்கும் ஒருக்கா கொச்சிக்குப் போவ நாள் குறிச்சாவ. குவைத்துக்கு. அப்ப இருந்த மேனேஜரும் அடுத்த மாசம்னுதான் சொன்னாரு. பெறவு மேட்ரனாக்கிட்டாவ. பெறவு கேக்கவே நாணமாப் போச்சு."

திங்கட்கிழமை குளியலறையில் நான் சொன்ன வார்த்தைக்காக அந்தக் காலில் விழவேண்டும்போல இருந்தது. அதற்குள் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அறிக்கையில் 'ஆள் அடையாளம் தெரியவில்லை' என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்தும் போட்டார்.

வியாழன் காலை குழித்துறை ஸ்டேஷனில் கொச்சி ரயிலுக்கு நின்றபோது, பின்னால் அந்த நடைச் சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் தலையில் இல்லாத தொப்பியைச் சரிசெய்தேன். மேட்ரன் நீலப் பட்டுச் சேலையில் நின்றார். வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் நான் அவரைப் பார்த்ததேயில்லை. கக்கத்தில் காக்கிக் கவர். "லீவு போட்டேன்" என்றார். அவ்வளவுதான். துணைக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொச்சியில் என் நேர்காணல் பத்தே நிமிஷம். மூன்று மாதத்தில் மஸ்கட் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் எழுந்து வெளியே வருவதற்குள், மேட்ரன் உள்ளே வந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கவரிலிருந்து அந்த மஞ்சள் தாளை எடுத்து, மேசையில் வைத்து, இரண்டு கையாலும் நீவிவிட்டார். என்னை நேர்காணல் செய்த அதிகாரி, "இந்தக் குட்டிக்குத் துணைக்கு வந்ததா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"இல்ல சார். நானும் இண்டர்வியூவுக்கு வந்த ஆளாக்கும்."

அவர் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். நல்ல மார்க் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "மேடம், வயசு..." என்றார்.

"தெரியும் சார். அன்னைக்கு இந்தக் கடுதாசி கையில இல்ல, அதனால நான் வரவே இல்ல. எடுப்பாவளா மாட்டாவளான்னு இன்னைக்கு வர எங்கிட்ட ஆரும் சொன்னதில்ல. நீங்க சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

அந்த மனிதர் எழுந்து நின்றார். தாளை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "எடுக்க முடியாது மேடம்" என்றார். மேட்ரன் வாங்கிக் கவருக்குள் வைத்துக்கொண்டு, "தேங்க்யூ சார்" என்றார்.

வெளியே வந்ததும் என் தோளில் ஓங்கி ஓர் அடி. "கேட்டியா மக்கா, முடியாதுன்னு சொல்லிட்டான்!" முகமெல்லாம் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் முதலாவது வந்த பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பு வராது. என்னால் தாங்கமுடியவில்லை. அந்த வராந்தாவில் நின்று, எல்லாரும் பார்க்க, ஏங்கி ஏங்கி அழுதேன்.

மேட்ரன் சேலைத் தலைப்பால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார். "கிடைக்காத நானே சிரிக்கேன். கிடைச்ச நீ என்னத்துக்குட்டி அழுவுத?"