முழு வட்டம் வேண்டாம்

தனக்குப் படிப்பு மண்டையில் ஏறாது என்பது மாதேஸ்வரியின் தீர்மானம். ஊத்தங்கரைப் பக்கம் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதிலிருந்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மூன்று மொழியும் புழங்கும் மத்திகிரிக்குக் குடிவந்த கொஞ்ச காலத்திலேயே பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவோடு கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். தெலுங்கில் பேரம் பேசுவாள். கேட்டால், "அது வாயில வர்றதுதானே, படிப்பா?" என்பாள். இந்த மனுஷியை என்ன சொல்ல!

சூளகிரியில் ஒரு கம்பெனியில், வண்டிகளுக்கான வயர்களை அதனதன் துளையில் செருகும் வேலை அவளுக்கு. கம்பெனிச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வட்டம். கற்றுக்கொள்கிறவருக்குக் கால் வட்டம் கறுப்பு. தனியாகச் செய்கிறவருக்கு முக்கால். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியவருக்கு முழுசும். சூப்பர்வைசர் திம்மராயன் அவள் வட்டத்தை முழுசாக நிரப்பியபோது பதறிப்போனாள்.

"முக்காலே போதும் சார். எனக்கே ஒண்ணுந் தெரியாது, நான் யாருக்குச் சொல்லித்தர?"

"அதெல்லாம் தெரியும், சும்மா இரும்மா."

புதிதாகச் சேர்ந்த சுவாதியை அவள் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார். வாரக் கடைசிக்குள் வேலை பழகாவிட்டால் சுவாதியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சுவாதியின் விரல் ஒவ்வொரு வயரிலும் தயங்கியது. பின்னால் லைனில் வேலை தேங்கியது. "விடு புள்ள, நான் போட்டுக்கறேன்" என்று மாதேஸ்வரி வாங்கிச் செருகினாள். நல்ல மனசோடுதான் செய்தாள். அடுத்ததையும் வாங்கினாள்.

கேன்டீனில் சுவாதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எனக்கு இது வராதுக்கா. ஊருக்கே போயிடறேன்."

"வராதுன்னு யாரு சொன்னது?"

"நீங்கதாங்கா. நான் தப்பாப் போடறதுக்கு முன்னாடியே புடுங்கிக்கறீங்களே."

மாதேஸ்வரிக்குச் சுருக்கென்றது. கணக்கு வாத்தியார் நினைவுக்கு வந்தார். திட்டத் தெரியாத மனுஷர். கரும்பலகை முன்னால் அவள் யோசித்து நிற்கும்போதெல்லாம், மணியடித்துவிடுமே என்று சாக்பீஸை வாங்கித் தானே போட்டு முடித்துவிடுவார். இத்தனை வருஷமும் அவள் தன் மண்டையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார்மேல் கோபம் என்றுதான் புரியவில்லை.

சாப்பிட்டு வந்ததும் சுவாதியின் கை மறுபடி நின்றது. மாதேஸ்வரி தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். வாங்கிச் செருகிவிட விரல்கள் துறுதுறுத்தன. லைன் தேங்கியது.

"அங்க என்ன மாதேஸ்வரி, நிக்குது?" என்று தூரத்திலிருந்து திம்மராயன் கத்தினார்.

"புள்ள கத்துக்குது சார், நிக்கட்டும்!" என்று திருப்பிக் கத்தினாள்.

சுவாதி ஒன்றைத் தப்பாகச் செருகினாள். தானே பார்த்து உருவினாள். மாற்றிச் செருகினாள், க்ளிக்கென்று உட்கார்ந்தது. மாதேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமலேயே அடுத்த வயரை எடுத்தாள்.