கட்கி ஸ்டேஷன் வரைக்கும் ஆழம்

போன வருஷம் மழைக்காலம். புனே கட்கியில் எங்கள் வீட்டில்தான் இது நடந்தது. என் மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி, சரக்குக் கப்பலில் சமையல்காரர். நடுக்கடலில் தவறி விழுந்து காணாமல் போய் ஆறு மாசம் ஆகியிருந்தது. தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

அம்மா மட்டும் நம்பவே இல்லை. "முளா ஆத்துல வெள்ளத்துலயே நீந்துனவன்டா அவன். எங்கயாச்சும் கரை ஏறியிருப்பான்" என்பாள். மாமாவின் நம்பர் கட் ஆகிவிடக் கூடாதென்று மாசாமாசம் என்னை ரீசார்ஜ் செய்யச் சொல்வாள். தினமும் சாயங்காலம் அந்த நம்பருக்கு ஒரு கால். ஸ்விட்ச் ஆஃப் என்று மராத்தியில் ஒரு குரல் சொல்லும். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவோடு வேலை பார்த்தவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பழைய கடல் வரைபடம். மாமா விழுந்த இடத்தைச் சுற்றி சிவப்பு வட்டம், அதற்குள் 1100 என்று ஒரு எண்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இது என்னடா நம்பர்?"

"ஆழம்மா. ஃபேதம் கணக்கு. கப்பல்காரங்க அப்படித்தான் அளப்பாங்க."

"அரே, அதெல்லாம் எனக்கு எங்க புரியும்? சீதாவா, நேராச் சொல்லு. அங்க நின்னா கால் எட்டுமா?"

நான்தான் இன்ஜினியர் ஆச்சே! கால்குலேட்டரைக்கூடத் தொடாமல் கெத்தாக மனக்கணக்குப் போட்டேன். ஒரு ஃபேதம் ஆறு அடி. மொத்தம் ஆறாயிரத்து அறுநூறு அடி. மீட்டரில் இரண்டாயிரத்துச் சொச்சம்.

"ரெண்டு கிலோமீட்டர்மா."

"அப்படின்னா?"

"நம்ம வீட்ல இருந்து கட்கி ஸ்டேஷன் வரைக்கும். அப்படியே நேரா கீழ."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மா அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். குடைகூட எடுக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். ஃபேக்டரி சுவர், பஸ் ஸ்டாப், வடாபாவ் வண்டி எல்லாவற்றையும் தாண்டிப் போனாள். தெரிந்தவர்கள் கூப்பிட்டும் திரும்பவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்று, வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ தூரமாடா?"

"அது பழைய மேப்புமா. தப்பாக்கூட இருக்கும்" என்று உளறினேன்.

"விடு. நீ கணக்குல தப்பு பண்ண மாட்ட." தலையிலிருந்து வழிந்த மழைத் தண்ணியை முந்தானையால் துடைத்தாள். "அவன் நம்பருக்கு இனிமே ரீசார்ஜ் பண்ணாத."

அதோடு சாயங்கால கால் நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியாமல் நான் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன். கணக்கு என்னவோ சரிதான்; ஆனால் அன்று "தெரியலம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தால், அம்மா இன்னும் கொஞ்ச நாளாவது தம்பிக்கு போன் போட்டிருப்பாளே என்று ஒவ்வொரு தடவை ஸ்டேஷனுக்கு நடக்கும்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.