தண்ணீர்த்தொட்டியடியில் கிலுகிலுப்பை

குடிநீர்த்தொட்டி வளாகத்தில் முன்அனுமதியின்றிச் செடி வளர்க்கக் கூடாது என்பது விதி. தேனியை ஒட்டிய எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு அது தெரியாது. மூக்குக்கண்ணாடியைக் காதோடு நூலால் கட்டியிருப்பார். ராமேஸ்வரம் போனபோது கடற்கரை மணலில் பொறுக்கிய கிலுகிலுப்பை விதையைத் தொட்டியடியில் போட்டிருந்தார். ஐப்பசியில் மஞ்சளாகப் பூத்ததும் பட்டாம்பூச்சிகள் மொய்த்தன.

"சார், விருந்தாளிக வந்துட்டாக!" என்று தினமும் என்னைக் கூப்பிடுவார். பூச்சிக்கும் மரியாதைப் பன்மை. அலுவலகத்தில் எனக்கே அது கிடைத்ததில்லை.

களையெடுக்க ஆள் வரப்போவதாகத் தகவல் வந்ததும் வாடிப்போனார்.

"காய் முத்த ரெண்டு மாசமாவது வேணும் சார்."

"அனுமதி கேட்டு மனுக் குடுங்க. அது நிலுவையில இருக்கிறவரைக்கும் யாரும் செடியைத் தொட மாட்டாங்க."

"பதில் வர எம்புட்டு நாளாகும்?"

"முப்பது வருஷம் பதில் போட்டவன் சொல்றேன், ஆறு மாசத்துக்குக் குறையாது."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. அவசரம்னு மட்டும் போட்றாதீக."

எழுதிக் கொடுத்தேன். களையெடுக்க வந்தவர்கள் மனுவின் நகலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தாமதத்தை இவ்வளவு சந்தோஷமாக எதிர்பார்த்த மனுதாரரை என் சர்வீஸில் நான் கண்டதில்லை. செடிகளை உடனே அகற்றும்படி பதில் வந்தது, அவை காய்த்துக் காய்ந்து, விதையெல்லாம் எங்கள் தெருவின் வீட்டுத் தோட்டங்களுக்குக் குடிபோய்விட்ட பிறகு, சித்திரை மூன்றாம் தேதி.