கடைசித் தாள் இல்லாத நாவல்

பெயரே கேள்விப்படாத பதிப்பகம் வெளியிட்ட ஹங்கேரி நாவல் ஒன்று நேற்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. பிரித்ததும் எழுந்த மக்கல் வாசனையில் வடக்கே நாங்கள் குடியிருந்த ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் அம்மா தரியாகஞ்ச் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் இப்படிப்பட்ட வெளிநாட்டு நாவல்களைத்தான் தேடி வாங்குவாள். சப்பாத்தி தேய்த்தபடியே எனக்குத் தமிழில் கதை சொல்வாள். ஒரு நாவலில், கணவனை விட்டுக் கிளம்பிய பெண் ரயிலடியில் நிற்கிறாள். அதற்கப்புறம் தாள்களைக் காணோம்.

"ஏறிப் போயிருப்பா," என்றாள் அம்மா.

ஆபீஸ் ஃபைலைத் தவிர எதையும் படிக்காத அப்பா, "வீட்டுக்குத் திரும்பியிருப்பா," என்றார்.

"எதுக்குத் திரும்பணும்?"

ஒரு வாரம் வீட்டில் இதே சண்டை.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வெளியே போன அப்பா, வேறொரு நாவலோடு வந்தார். "தரியாகஞ்ச் முழுக்கத் தேடியும் அது கிடைக்கல. இதுல கடைசிப் பக்கம் இருக்கான்னு பாத்துதான் வாங்கினேன்."

"அச்சா! இதுக்காகவா அவ்வளவு தூரம் போனீங்க?"

"பஸ்ல அந்தப் பக்கத்தைப் படிச்சும் பாத்துட்டேன். கிழவர் செத்துடறார்."

அம்மா சப்பாத்திக்கட்டையை ஓங்கினாள். ஆனாலும் அன்றே கதையை ஆரம்பித்தாள். அந்தக் கிழவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்க அப்பாவும் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

இன்று காலை போனில் இந்தப் புது நாவலைப் பற்றி அப்பாவிடம் சொல்லத் தொடங்கினேன்.

"இரும்மா, அம்மாவும் வரட்டும்," என்றார். "முதல்லேர்ந்து சொல்லு."