மெல்லிய அலகு

அமிர்தகழியில் வாவிக்கரையோரம் பிறந்து, அதே மண்ணில் கண்மூடிய எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாளான இன்று, அவருடைய மகள் நான் இதை எழுதுகிறேன்.

அப்பா தச்சர். மரம் அறுக்கும் பழைய வாள்கள் என்றால் அவருக்கு உயிர். கறள் பிடித்துச் சிவந்த வாளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேங்காய்ப் பொச்சால் தேய்ப்பார். பிடியின் வடிவைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லுவார். "என்னப் பொண்ணு பாக்க வந்த அண்டைக்கும் எங்கட அப்பாட வாளத்தான் பாத்தவரு" என்று அம்மா பகிடி பண்ணுவார். அவருடைய செல்லம் வெள்ளைக்காரர் காலத்து வாள் ஒன்று. ஒரே பிடி, மூன்று அலகுகள். பித்தளை நட்டைத் தளர்த்தி வேண்டியதை மாட்டலாம். துளை அறுக்கிற மெல்லிய அலகு ஒருநாள் வளைந்துபோனது. அதை நிமிர்த்தி வர ஏறாவூருக்குப் போன அண்ணா திரும்பவில்லை. அன்று வழியில் இராணுவச் சுற்றிவளைப்பு.

அப்பா ஏறி இறங்காத முகாம் இல்லை. வருடங்கள் போயின. அம்மா மனதைத் தேற்றிக்கொண்டு அண்ணாவுக்குத் திவசம் கொடுக்கத் தொடங்கினார். அப்பா மட்டும் அந்தப் பிடியைப் பையில் கொண்டு திரிந்து, பழைய இரும்புக் கடைகளில் கிடந்த அலகுகளையெல்லாம் பொருத்திப் பார்த்தார். கதிரவெளியில் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. அது எப்படி வந்ததென்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

வீட்டில் கறளைத் தேய்த்தபோது அப்பாவின் கை நின்றுவிட்டது. அண்ணா இடக்கைக்காரர், அவர் அரம் போட்டால் பல்லின் பிசிர் மறுபக்கம் நிற்கும். இதிலும் அப்படித்தான். கொண்டுபோனபோது விரலகலம் இருந்த அலகு பாதியாகத் தேய்ந்தும் இருந்தது.

"எத்தின தரம் தீட்டியிருக்கான் பாரு. போனவன் எங்கயோ இருந்து வேல செஞ்சிருக்கான்," என்றார் அப்பா.

அம்மா அந்த அலகைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "அப்ப இவ்வளவு காலமும் நான் ஆருக்குச் சோறு படைச்சன்?" என்று கேட்டார்.

திவசம் அத்தோடு நின்றது. மெல்லிய அலகை மாட்டிய வாளைப் பட்டறைச் சுவரில் தொங்கவிட்ட அப்பா, அதன்பின் பட்டறைக் கதவைப் பூட்டவேயில்லை.

அப்பா பாயில் கிடந்த நாட்களில் கஞ்சி காய்ச்சித் தந்த அயலவர்களுக்கும், வெடிச்சத்தத்துக்கு அஞ்சாமல் வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும், எங்கள் முற்றத்திலேயே சவப்பெட்டி செய்து தந்த தச்சர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒருவருக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பெட்டியில் கயிறு கோக்கும் துளைகளை அறுக்காமலே தச்சர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது துளைகள் அறுபட்டிருந்தன. அங்கிருந்த எல்லாரையும் கேட்டோம். தாம் செய்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பட்டறைக்குப் போய் வாளைப் பார்த்தேன். பற்களுக்கிடையில் புதிய மரத்தூள். பற்கள் புதிதாகத் தீட்டப்பட்டிருந்தன. பிசிர் மறுபக்கம் நின்றது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை.

"வந்தவன் ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கலாம், புள்ள," என்றார்.