தோளுக்கு மேலே நான் அளக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அம்மாவும் சிவப்பு நூலை விரல் நீளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டியது நான். ஒட்டியது அம்மா. ஹெல்மெட்டில் எட்டு, புது பைக்கில் காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியில் ஆறு, ஜாக்கெட்டின் தோளில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முனைக்கு மட்டும் டேப். மறுமுனை காற்றுக்கு.

"காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு நூல் சொல்லிடும்டி. உன் மெஷின் சொல்லலைல்ல," என்றாள்.

என் மெஷின் என்று அவள் சொன்னது அதிர்வு அளக்கும் கருவியை. வாகன இருக்கைகளைச் சோதிக்கும் கூடத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன்.

மறுநாள் காலை அம்மா இறந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது. வேலைக்குக் கிளம்ப நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலில் போட்டு முடித்திருந்தாள். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பைக் ஓட்டி ஓட்டியே போய்ச் சேர்ந்தாள் என்று என் மாமா, அம்மாவின் தம்பி, துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவர்களும் தலையாட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா தையல் மெஷின் மெக்கானிக். இருபது வயதில் ஒரு தையல் யூனிட்டில் சட்டைக் காலர் தைக்கச் சேர்ந்தவள். மெஷின் நின்றால் மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும். அதுவரை சும்மா உட்கார்ந்து பேச்சு வாங்க வேண்டும். ஒரு நாள் கத்தரிக்கோல் முனையால் அடித்தகட்டைத் திறந்தாள். உள்ளே நூல் சுற்றிச் சிக்கியிருந்தது. எடுத்து எறிந்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். உன்னை யார் திறக்கச் சொன்னது என்று சூப்பர்வைசர் கேட்டாராம்.

"யாரும் சொல்லலை சார். யாரும் வரவும் இல்லை."

ஐந்து வருடத்தில் அந்த யூனிட்டின் மெக்கானிக் அவள்தான். அப்புறம் சுற்றியிருந்த பதினான்கு யூனிட்டுகளுக்கும். எல்லா இடத்திலும் அவளுக்குப் பெயர் மெஷின் அக்கா. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டதால் அவள் சம்பாத்தியம்தான் வீடு. டூல் பெட்டி பதினெட்டு கிலோ. பெட்டியைப் பார்த்தாலே பஸ் கண்டக்டர்கள் ஏற்றாமல் விசில் ஊதிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியிடமிருந்து பழைய டூரிங் பைக் ஒன்றை வாங்கினாள். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. முதல் நாளே ஒரு யூனிட் வாசலில், ஷிப்ட் விடும் நேரத்தில், முந்நூறு பெண்கள் பார்க்கக் கீழே போட்டாள்.

"வேடிக்கை பாத்தது போதும். பின்னாடி ரெண்டு பேர் பிடிங்க," என்றாள். நான்கு பேர் வந்தார்கள்.

அந்த வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்தாள். மெதுவாக எழும், எழுந்தால் நிற்காது. தாழ்ந்த அகலமான சீட், பின்னால் இரண்டு ஸ்பிரிங். முன்னால் கண்ணாடி எதுவும் கிடையாது. குட்டையான அம்மாவுக்கு இரண்டு பாதமும் தரையில் பதியும்.

போன வருடம் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. மாமா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இது? இடுப்பு போச்சுன்னா யாரு தூக்குவா?"

"நீ தூக்க வேண்டாம்டா. உன்னால கேஸ் சிலிண்டரையே தூக்க முடியாது."

"நாலு பேர் என்ன பேசறாங்க தெரியுமா?"

"அந்த நாலு பேர்ல யாருக்காவது ஓவர்லாக் மெஷின் டைமிங் வைக்கத் தெரியுமா? தெரிஞ்சா அனுப்பு. நான் வீட்ல படுத்துக்கறேன்."

மாமா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அளந்து பார்ப்போம் என்றேன். எருமை தாங்காது என்று எண் சொன்னால் அம்மா புது வண்டிக்கு மாறவேண்டும். புது வண்டி தாங்கும் என்று எண் சொன்னால் மாமா அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது. இரண்டுமே தாங்காது என்றால் அவள் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட வேண்டும். அம்மா யோசித்துத்தான் ஒப்புக்கொண்டாள். பந்தயத்தில் அவள் வைத்தது பைக்கை அல்ல, பதினான்கு யூனிட்டுகளை.

அலுவலக நண்பரிடம் ஒரு புது டூரிங் பைக் இருந்தது. இரவல் வாங்கினேன். சீட்டில் ஒரு சென்சார் தட்டு, கால் மிதியில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று. ஒரே ரோடு, நாற்பது கிலோமீட்டர், பாதி வழவழப்பு, பாதி குண்டும் குழியும். ஒரே வேகம், ஒரே டயர் காற்று. அம்மா வேலைக்குப் போயிருந்ததால் இரண்டையும் நானே ஓட்டினேன். சீட்டில் எருமைக்கு 0.92 வந்தது. புதியதற்கு 0.58. இந்த எண் குறையக் குறைய உடம்புக்குச் சுகம். கால், கை இரண்டிலும் புதியதே ஜெயித்தது. இரண்டு பக்க அறிக்கை எழுதி அம்மாவிடம் நீட்டினேன்.

அவள் படித்துவிட்டு, "குலுங்கறது வேற, வலிக்கறது வேறடி," என்றாள்.

எண் இருக்கும்போது பதில் எதற்கு என்று நினைத்தேன். அதே மாடலில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "பளபளன்னு வந்திருக்கார். உக்காரவே பயமா இருக்கு, ஏதாவது கோவிச்சுக்கப் போறார்."

நேர்மையாகச் சொல்லவேண்டும். இடுப்பு வலி குறைந்தது. அதை அவளே சொன்னாள். ஆனால் இரண்டாவது வாரத்தில் வேறொன்று சொன்னாள். "முப்பது கிலோமீட்டர் தாண்டினா தலைக்குள்ள யாரோ ஈரத்துணி உதறுற மாதிரி இருக்கு."

கண்ணைச் சோதிக்க அழைத்துப் போனேன். மூக்குக் கண்ணாடி மாற்றினோம். வலி போகவில்லை. ஹெல்மெட் இறுக்கம் என்று வேறு ஹெல்மெட் வாங்கினேன். அதுவும் இல்லை. எருமையை எடுத்துக்கொண்டு போம்மா என்றால் கேட்கமாட்டாள்.

"திரும்பி எருமைல ஏறினா உன் மாமா, பாத்தியா ரெண்டுமே சரிப்படலைன்னு வந்து நிப்பான். அவன் ஜெயிக்கறதுக்குப் பதிலா என் தலை வலிக்கட்டும்."

எட்டு மாதம் அப்படி ஓட்டினாள். ஒரு யூனிட்டைக்கூட விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நூல் யோசனை வந்தது. அவளுக்கு வந்தது, எனக்கு அல்ல. ஊருக்கு வெளியே விடுமுறையில் பூட்டிக்கிடந்த தொழிற்சாலை ரோட்டில் அவள் மாப்பிள்ளையில் போனாள். நான் எருமையில் பக்கத்திலேயே போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டிய நூல்கள் மேல்நோக்கி விறைத்து நின்றன. ஹெல்மெட்டில் ஒட்டிய எட்டும் திசை இல்லாமல் அடித்துக்கொண்டன. கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிய காற்று சுருண்டு நேராக அவள் தலையில் மோதிக்கொண்டிருந்தது.

பிறகு அவளுடைய ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு நான் ஓட்ட, அவள் எருமையில் கூடவே வந்து பார்த்தாள். நான் அவளைவிட ஏழு அங்குலம் உயரம். தோள் நூல்கள்தான் துள்ளின. ஹெல்மெட் நூல்கள் சாதுவாகக் கிடந்தன.

வண்டியை நிறுத்தினேன். அவள் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, "உன் உயரத்துக்கு எனக்கு அளந்திருக்கடி," என்றாள். கோபம் இல்லை. காலர் கோணலாகத் தைத்த பெண்ணிடம் சொல்கிற குரல். தோளுக்கு மேலே நான் எதையும் அளக்கவில்லை. அளந்திருந்தாலும் ஓட்டியது நான் என்பதால் எண் நன்றாகத்தான் வந்திருக்கும்.

கடைசியாக அவள் எருமையில் ஒரு சுற்றுப் போனாள். கண்ணாடி இல்லாத வண்டி. எட்டு நூலும் பின்னால் நேராகப் படிந்து கிடந்தன.

"பாத்தியா, எருமை எனக்குத் தலை வாரி விட்டிருக்கு."

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னாள். இடுப்புக்கு மாப்பிள்ளை, தலைக்கு எருமை. மாப்பிள்ளையின் கண்ணாடியை வெட்டிக் குறைத்தால் காற்று தலைக்கு வராமல் மார்பில் படும். இடுப்பும் பிழைக்கும், தலையும் பிழைக்கும். கண்ணாடி என்பது பேருக்குத்தான், வெறும் பிளாஸ்டிக். தையல் சாக்பீஸால் அதன்மேல் ஒரு கோடு போட்டாள். நான்கு போல்ட்டையும் கழற்றி, அதைத் துணிப்பையில் போட்டு, எருமையின் ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

"நாளைக்கு எருமைல போறேன். போற வழியில நேம் போர்டு கடைல குடுத்து வெட்டிக்கறேன். உன் மாமாகிட்ட மூச்சு விடாத."

ஐந்தாம் நாள் மாமா ஒருவரை அழைத்து வந்தார். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று இரண்டு வண்டியையும் பார்த்தார்.

"ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கறாராம்," என்றார் மாமா.

"யாரு குடுக்கறதா சொன்னது?"

"அதுதாம்மா அவளைக் கொண்டு போச்சு. கண்ணு முன்னாடி எதுக்கு?"

"அம்மா நாற்காலில உக்காந்திருந்தப்போ செத்தா மாமா. அப்போ நாற்காலியையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

வந்தவர் செருப்புச் சத்தம் கேட்காமல் கிளம்பிவிட்டார். மாமா அந்த நாற்காலியைப் பார்த்தார், அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து அழுதார். நல்ல மனிதர். அவர் அக்காவுக்காகப் பயந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயத்தை அவள் வாழ்க்கைக் கதையாக எழுதவிடமாட்டேன்.

"தப்பு சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க," என்றேன். "எட்டு மாசம் தலைவலியோட ஓட்டினா. அது நான் அளந்து குடுத்தது."

அந்தத் தலைவலிக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன். இல்லை என்றார். நம்புகிறேன். ஆனாலும் எட்டு மாதம் எட்டு மாதம்தான்.

"ரெண்டும் இங்கேயே நிக்கும் மாமா."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா," என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"ஆமா."

மறுநாள் அம்மாவின் போனுக்கு நேம் போர்டு கடைக்காரர் கூப்பிட்டார். "அக்கா திங்கக்கெழமை வரேன்னாங்க. காணோமே."

சொன்னேன். அவர் பக்கம் ரம்பச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"நீங்க கொண்டு வாங்க, வெட்டித் தரேன். எவ்வளவு வெட்டணும்னு ஏதாவது சொன்னாங்களா?"

வெளியே போய் எருமையில் தொங்கிய பையை எடுத்துப் பார்த்தேன். உள்ளே அவள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: நாலு விரல், விளிம்பை உரசித் தரச் சொல்லணும். என் நான்கு விரலை மேல்விளிம்பிலிருந்து வைத்துப் பார்த்தேன். சாக்பீஸ் கோட்டைத் தாண்டிக் கீழே போனது. கையை எடுத்துவிட்டேன். கோடு கலையாமல் பிளாஸ்டிக்கைத் திரும்பப் பைக்குள் வைத்து, அவள் மாட்டிய இடத்திலேயே மாட்டினேன்.

"கோடு போட்டிருக்காங்க," என்றேன் போனில். "அந்தக் கோடுதான்."